பொற்காலம் என்று பழகிய பிறகு கல்வெட்டை எப்படி வாசிப்பது?

கேள்வி: நிழலைப் பார்த்தவள்

தஞ்சைக்கு அருகில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் மாணவர்களை, இராசராச சோழன் கட்டிய பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு மாணவன் உறுதியாகச் சொன்னான்; மாலை வெயிலில், அந்த நிழலுக்குள் நின்றுகொண்டுதான் சொன்னான். அதைச் சிரித்துக் கடந்துவிட்டோம்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கூறும் கல்வெட்டுகளில், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு ஒதுக்கப்பட்டோர் குடியிருப்புகளைக் குறிக்கும் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் சொற்களும் வருகின்றன என்று விளக்கினேன். "அது பிற்காலத்தில் யாரோ வெட்டிச் சேர்த்ததாக இருக்கும், மிஸ்" என்றான் அதே மாணவன். மறுநாள் ஒரு மாணவியின் தந்தை வந்து, நம் மன்னரைப் பிள்ளைகளிடம் குறைத்துப் பேச வேண்டாம் என்று மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். மன்னர் வெட்டுவித்ததைத்தான் படித்துக் காட்டினேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கணக்கு ஒன்று இன்றைய குடும்பத்தின் மானப் பிரச்சினையாக எப்படி மாறுகிறது? வகுப்பில் இதை எப்படிக் கையாள்வது?

மறுமொழி: ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்தத் தந்தையைக் குறை சொல்வதற்கில்லை. மேடைகளில் கேட்டதைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார். 2019இல் இராசராசன் காலத்து நிலவுடைமை பற்றிப் பேசிய திரைப்பட இயக்குநர் ஒருவர் மீது வழக்கே பதிவானது நினைவிருக்கும்.

பொற்காலக் கதையின் தீங்கு கசப்பை மறைப்பது மட்டும் என்று நான் கருதவில்லை. உண்மையில் வியக்க வேண்டியதையும் அது மறைத்துவிடுகிறது. உத்திரமேரூரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை உலகின் பழைய மக்களாட்சித் தேர்தல் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் அது எடுத்துக்காட்டப்பட்டது. கல்வெட்டைப் படித்தால் வேறொன்று தெரியும். அது ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊரின் சபை. குடத்தில் பெயர் இடப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆகவே அது திருவுளச் சீட்டு; யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை.

ஆனால் அதே கல்வெட்டில், வாரியம் என்னும் சபைக் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய உறவினர்களும் மீண்டும் குடத்தில் இடம்பெறக் கூடாது என்ற விதி இருக்கிறது. முப்பது ஆண்டுகள் தணிக்கை செய்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த வரியைப் படித்தபோது எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. மேடையில் ஒருவரும் அதைச் சொல்வதில்லை.

மறுமொழி: வந்தியத்தேவனால் வந்தவள்

ஐயா சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. இருந்தாலும் கற்பனையை முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை என் அம்மா பைண்டு செய்து வைத்திருந்தார். அதைப் படித்திராவிட்டால், காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலுக்குப் போய், இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்தைப் பறிமுதல் செய்வது பற்றிய கல்வெட்டை நான் தேடியிருக்கவே மாட்டேன். அங்கே கதையில் வரும் சதிகாரன் இரவிதாசன் இருக்கிறான், கதையின் நந்தினி இல்லை. அந்த ஏமாற்றம்தான் என்னை வாசகி நிலையிலிருந்து நகர்த்தியது. கதையோடு நின்றுவிடுபவர்களே மிகுதி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி: வடமராட்சி வாசகன்

வென்றவர் வீட்டுப் பெருமிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். "எண்டிசை புகழ்தர ஈழமண்டலமும்" என்று இராசராசனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, ஒரே அடியில் கடந்து போகிறது. அவன் மகன் இராசேந்திரன் காலம் வரை நீண்ட அந்த ஈழப் போரை இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம் விகாரைகளின் கொள்ளையாகவும், சிறைபிடிக்கப்பட்டுச் சோழநாட்டிலேயே இறந்த இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனின் துயரமாகவும் எழுதிவைத்திருக்கிறது. கன்னட நாட்டு ஹொட்டூர்க் கல்வெட்டு, சோழப் படை பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகக் குற்றம் சாட்டுகிறது. அவையும் ஒரு தரப்பின் எழுத்துகளே. ஆயினும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் இரு கரையிலும் இல்லை.

எங்கள் தீவில் இதன் விலை பெரிது. இலங்கையை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனுக்கும் அவனை வென்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவுக்கும் நடந்த போரை இருபதாம் நூற்றாண்டு அரசியல் தமிழர், சிங்களர் இனப்போராகவே வளர்த்தெடுத்தது. சூளவம்சத்துக்கு முந்தைய வரலாற்று நூலான மகாவம்சமோ எல்லாளனை நீதி தவறாதவன் என்கிறது. வென்றவனே அவனுக்கு நினைவிடம் அமைத்து மரியாதை செய்வித்தான் என்கிறது. துட்டகைமுனுவின் வீரன் நந்திமித்திரனுடைய தாய்மாமன் எல்லாளனிடம் சேனாபதியாக இருந்தான் என்றும் கூறுகிறது. அதே நூல், மடிந்தவர்களுள் பௌத்த நெறி ஏற்ற ஒன்றரை மனிதரைத் தவிர மற்றோர் பொருட்டல்ல என்று அரகதர்கள் (ஞானநிலை எய்திய பௌத்தத் துறவிகள்) துட்டகைமுனுவைத் தேற்றியதாகவும் எழுதுகிறது. எந்தப் பக்கத்தை வகுப்பில் உரக்கப் படிப்பது என்பதைப் பின்வந்தவர்கள்தாம் தேர்ந்தார்கள். சோழரின் புலியை எடுத்துக்கொண்ட எங்கள் அரசியலும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. தணிக்கையாளர் ஐயாவின் வழியில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பெரிய கோயிலுக்கு வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின் பட்டியலை அடுத்த வாரம் மாணவர்களிடம் கொடுக்கப்போகிறேன். எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், ஆண்டுக்கு எத்தனை கலம் நெல் என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறார்கள். திருவாரூர், நாகப்பட்டினம், திருவையாறு என்று அவர்களுக்குத் தெரிந்த ஊர்களாகவே இருக்கும். தம் ஊர்ப் பெண்ணை அவர்களே தேடட்டும். விரும்பி வந்தாளா என்று அந்த மாணவன் கேட்டால், அதைக் கல்வெட்டு எழுதவில்லை என்று சொல்லிவிட்டு அவனையே பேச விடுவேன்.