குட்டிப்பூனைக்குக் கண் ஒட்டிக்கொள்கிறது, வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?

முருங்கைமரம்:
மாடிப்படிக்கு அடியில் தெருப்பூனை போட்ட குட்டி, இரண்டு மாதம் இருக்கும். நான்கு நாளாக இடது கண்ணில் மஞ்சள் பீளை. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறப்பதே இல்லை. தும்மலும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா பன்னீர் விடச் சொல்கிறார். அப்பாவின் புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருக்கிறது. மாக்ஸிஃப்ளாக்சசின், டெக்சாமெதசோன் என்று போட்டிருக்கிறது. இரண்டு சொட்டு விட்டுப் பார்க்கவா?

மூன்றுகால்:
வேண்டாம்! அந்தப் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். டெக்சாமெதசோன் ஸ்டீராய்டு. கருவிழியில் புண் இருந்தால் அதை ஆறவிடாது, ஆழமாக்கிவிடும். தும்மலோடு வரும் கண் நோய் குட்டிகளுக்குப் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ்தான், அதற்கும் ஸ்டீராய்டு ஆகாது.

நான் பட்டுத்தான் சொல்கிறேன். என் கறுப்பிக்கு இதே மாதிரி மிச்ச மருந்தைத்தான் விட்டேன். முதல் நாள் சிவப்பு குறைந்தது, எனக்கு ஒரே பெருமை. நான்காம் நாள் கருவிழி பால் மாதிரி வெளுத்தது. இப்போது அந்தக் கண்ணில் வெள்ளைத் தழும்பு, அந்தப் பக்கமிருந்து கை நீட்டினால் திடுக்கிடுகிறாள்.

பன்னீரும் வேண்டாம். மெடிக்கலில் நார்மல் சலைன் வாங்கி, பஞ்சை நனைத்து இமைமேல் ஒரு நிமிடம் வையுங்கள். பீளை ஊறிய பிறகு மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு பஞ்சு ஒரு தடவைதான். அப்புறம் இன்றே டாக்டரிடம் போங்கள். சென்னை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, வெளியூர் என்றால் அரசு கால்நடை மருந்தகம்.

முருங்கைமரம்:
போய் வந்தேன். ஆரஞ்சு நிறத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கு அடித்தார். கருவிழியில் கடுகளவு பச்சையாக மின்னியது. புண்ணாம். டோப்ராமைசின் சொட்டு நான்கு வேளை, டாக்சிசைக்ளின் மாத்திரை கால் துண்டு. சொட்டு விடுவதற்குள் கையெல்லாம் கீறல். மாத்திரையைத் துப்பிவிட்டு நுரை தள்ளுகிறது.

மூன்றுகால்:
முன்னால் நின்று பாட்டிலைக் காட்டினால் எந்தப் பூனையும் ஓடும். பழைய துண்டில் கழுத்துவரை சுருட்டி, முதுகு உங்கள் வயிற்றில் படும்படி மடியில் வையுங்கள். தாடையை லேசாகத் தூக்கி, தலைக்குப் பின்னாலிருந்து விடுங்கள். பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. அடுத்து வேறு சொட்டோ களிம்போ இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து, களிம்பு கடைசியில்.

டாக்சிசைக்ளினை வெறும் வாயில் விழுங்கவைக்காதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். கூடவே சிரிஞ்சில் (ஊசி இல்லாமல்!) தண்ணீர், கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இல்லையென்றால் சிரப்பாகக் கிடைக்குமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

வாசல்திண்ணை:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

முருங்கைமரம்:
துண்டு வேலை செய்கிறது. இன்று இரவு ஒரே ஒரு கீறல்தான். மாத்திரைக்குப் பிறகு கருவாட்டுத் தண்ணீர் காட்டினேன், அதை நக்கிவிட்டு என் மடியிலேயே தூங்கிவிட்டது. கால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றுகால்:
அடுத்த தடவை உப்பில்லாத மீன் தண்ணீராகக் கொடுங்கள், கருவாட்டு உப்பு குட்டிக்கு அதிகம். டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள், கண் தெளிந்தாலும் சரி.