ஸ்பாம் முசுபி: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். ஹவாய் உணவு பற்றிய ஆவணப்படத்துக்குத் துணைவசனம் எழுதுகிறேன். ஒரு பாட்டி காலி ஸ்பாம் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து, சோற்றைப் போட்டுக் கரண்டியால் அழுத்துகிறார். சோயா சாஸிலும் சர்க்கரையிலும் வறுத்த இறைச்சித் துண்டை மேலே வைத்து, கடற்பாசித் தாளை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். இதற்கு இரண்டு சொல்லுக்குள் தமிழ் வேண்டும். வெள்ளிக்கிழமை கெடு. எனக்குத் தோன்றியது 'எரிதக் கவளம்'.

*

எரிதம் ஸ்பாம் என்கிற குப்பை மின்னஞ்சலுக்கு வைத்த பெயர் அம்மா! இந்த ஸ்பாம் 1937 முதல் விற்கும் டப்பா பன்றிக்கறி. அஞ்சல்தான் அதனிடம் பெயரைக் கடன் வாங்கியது. கவளமும் சரிவராது. 'காய்நெல் அறுத்துக் கவளம் கொளினே' என்று பிசிராந்தையார் பாடியது யானைக்கு. பாட்டி செய்வதோ செங்கல் மாதிரி இருக்கிறது.

*

முசுபி, 'முசுபு' என்ற ஜப்பானிய வினையிலிருந்து வருகிறது. கட்டு, முடி என்று பொருள். 'முடிச்சு' நினைவுக்கு வரவில்லையா? மொழியியலாளர் சுசுமு ஓனோ ஜப்பானியத்தையும் தமிழையும் ஒப்பிட்டுப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். டகரம் சகரமாவதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன். என் பரிந்துரை: முடிசோறு.

*

முடிசோறா? தலைமுடி கிடந்த சோறு என்று ஓட்டலில் சண்டை வரும் ஐயா. ஓனோவின் கருத்தை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை, அதை விடுங்கள். கட்டுதான் பொருள் என்றால் கட்டுச்சோறு இருக்கிறதே! கரும்புத் தோட்டத்துக்கு வந்த ஜப்பானியரின் சோறு, போர்க்காலத்தில் பெருகிய டப்பாக்கறி. டப்பாவில் அடைத்த கறி என்பதால் 'அடைகறிக் கட்டுச்சோறு'.

*

அடைகறி என்றதும் வடகறி என்று படித்துவிட்டேன். பசி நேரம். கட்டுச்சோறு என்றால் எங்கள் வீட்டில் வாழை இலையில் புளிச்சோறு. வேறெதுவும் மனதில் வராது. சுஷியை யாராவது தமிழாக்கினோமா? முசுபி என்றே விடுங்கள்.

*

அனைவருக்கும் நன்றி. திரையில் முதல் முறை 'முசுபி என்னும் கட்டுச்சோறு', அப்புறம் வெறும் முசுபி என்று நேற்றிரவு அனுப்பிவிட்டேன். இரண்டு சொல்லைத் தாண்டிவிட்டது, இன்னும் யாரும் திட்டவில்லை.

*

அவசரப்பட்டுவிட்டீர்கள். டகரம் பற்றிய மடல் பாதி எழுதியாகிவிட்டது.