சூட்டு உளிக்கு முனை நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். கொல்லையில் சின்னதாக ஒரு கரி உலை வைத்து, அதற்கு வேண்டிய கருவிகளை நானே அடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் 12 மி.மீ. கட்டடக் கம்பியில் ஒரு குறடு. ஆணி அறைந்ததும் அசையாமல் இறுகிவிட்டது. மூட்டைச் சிவக்கக் காய்ச்சி, திறந்து மூடியபடியே தண்ணீரில் விட்டேன், சரியாகிவிட்டது.

தொல்லை உளியில்தான். பழுத்த இரும்பை வெட்ட, பழைய லாரி வில்பட்டையில் ஒன்று அடித்தேன். காந்தம் ஒட்டாத சூடு (சுமார் 770 டிகிரி செல்சியஸ்) தாண்டியதும் தண்ணீரில் முக்கினேன். முனையில் நூல் போல விரிசல்! அவசரப் புத்தி. அடுத்ததை எண்ணெயில் முக்கி, எஃகின் மேல் நீல நிறம் ஓடும்வரை திரும்பச் சூடாக்கினேன். விரிசல் இல்லை, ஆனால் நாலைந்து வெட்டுக்குள் முனை மடங்குகிறது. வெட்டும்போதே சூடேறிப் பதம் இறங்கிவிடுகிறது போல.

இரண்டு அடிக்கு ஒருமுறை தண்ணீரில் காட்டினால் போதுமா? முனையை இன்னும் தடிமனாக விடணுமா? எச்13 என்ற கருவி எஃகு சூடு தாங்கும், ஆனால் அதைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்பதால் யோசிக்கிறேன். வில்பட்டையிலேயே சமாளித்தவர்கள் யாராவது இருந்தால், முனையை எந்தக் கோணத்தில் தீட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள்.