புதுப்பிப்பு: 10 நாள் பூட்டிய வீடு, மீட்டரில் ஏறியது 2 யூனிட்தான்

போன முறை 10 நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது மீட்டரில் 24 யூனிட் ஏறியது ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த முறை டிவி, செட்டாப் பாக்ஸ், கீசர் மூன்றையும் சுவிட்சிலேயே அணைத்தேன். கேமராவுக்காக ரவுட்டர் மட்டும் ஓடியது. கீசரைச் சந்தேகப்பட்டவர் சொன்னது சரி: தண்ணீர் ஆற ஆற அது தானாகவே மறுபடி சூடேற்றியிருக்கிறது. ஆனால் அதே அளவு மிச்சம், 'ஃப்ரிட்ஜைக் காலி செய்து அணைத்துவிடுங்கள்' என்ற யோசனையாலும் கிடைத்தது.

ஃப்ரிட்ஜ் கதவு மூடிக்கொள்ளாதபடி இடுக்கில் துண்டை மடித்து வைத்ததால் உள்ளே பூஞ்சை இல்லை. எதிர்பாராதது, ஐஸ் உருகிய தண்ணீர் வந்து சேரும் பின்பக்கத் தட்டு. வழக்கமாக கம்ப்ரசர் சூட்டில் ஆவியாகும் தண்ணீர், அணைத்ததும் அப்படியே தேங்கி நாறிவிட்டது. முந்தின நாளே அணைத்து, ஐஸ் முழுக்க உருகியதும் அந்தத் தட்டையும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.