பைசல்ஃபைட் பிசிஆர்: பெரிய துண்டு வரவே இல்லை, சிறிய துண்டில் சி மாறவில்லை

கேள்வி:
எந்த சி-யில் (சைட்டோசின்) மெத்தில் ஏறியிருக்கிறது என்று பார்க்க, இரத்தத்திலிருந்து எடுத்த ஜீனோமிக் டிஎன்ஏ 500 நானோகிராமைக் கிட்டில் பைசல்ஃபைட் மாற்றம் செய்தோம். 420 பேஸ் துண்டுக்கு ஜெல்லில் பேண்டே இல்லை. 210 பேஸ் துண்டு மங்கலாக வருகிறது. ஆனால் சாங்கர் வரிசைப்படுத்தலில் படித்தால் சிபிஜி (சி-க்கு அடுத்து ஜி வரும் இடம், மெத்தில் பெரும்பாலும் இங்கேதான்) அல்லாத சி-க்களும் பெரும்பாலும் சி-யாகவே நிற்கின்றன. பாலிமரேஸ் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) புரூஃப்ரீடிங் வகை, அதாவது தவறைத் தானே திருத்துவது; பிரைமர்கள் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு இழைகள்) 20 பேஸ். மாற்றிய டிஎன்ஏவை ஜெல்லில் ஓட்டினால் எதுவும் தெரியவில்லை. மாற்றத்தையே திரும்பச் செய்வதா?

பதில்:
இப்போதைக்கு வேண்டாம், முதலில் பாலிமரேஸை மாற்றுங்கள். பைசல்ஃபைட் பட்டதும் மெத்தில் இல்லாத சி யுராசில் ஆகிவிடும், பிசிஆரில் அது டி-யாக வரும். பிஎஃப்யூ போன்ற ஆர்க்கியல் (ஆர்க்கியா நுண்ணுயிர்களிலிருந்து வந்த) புரூஃப்ரீடிங் பாலிமரேஸ்கள் யுராசிலைக் கண்டதும் நின்றுவிடும். ஆக, நன்றாக மாறிய இழைகள் பெருகாமல் போக, மாறாமல் தப்பிய கொஞ்ச இழைகள்தான் பெருகுகின்றன. சாங்கரில் நீங்கள் பார்ப்பது அவற்றைத்தான். மாற்றம் 99 சதவீதம் நடந்திருந்தாலும் இப்படித் தெரியலாம். ஹாட் ஸ்டார்ட் டேக் (சூடேறிய பிறகே வேலை தொடங்கும் பாலிமரேஸ்), அல்லது யுராசிலைத் தாங்கும்படி மாற்றிய பாலிமரேஸ் போடுங்கள்.

20 பேஸ் பிரைமரும் இதற்கு வழிவிடுகிறது. 26 முதல் 30 பேஸ் வையுங்கள். உள்ளே சிபிஜி வேண்டாம். சி-யிலிருந்து மாறிய டி நான்கைந்தாவது இருக்கட்டும், அதில் ஒன்று 3' முனைக்கு (நகல் நீளும் முனை) பக்கத்தில் வரவேண்டும். அப்போதுதான் மாறாத இழையில் பிரைமர் ஒட்டாது. பைசல்ஃபைட் செய்யாத டிஎன்ஏவையும் ஒரு குழாயில் போடுங்கள். அதில் பேண்ட் வந்தால் அந்தப் பிரைமரை ஒதுக்கிவிடலாம்.

இன்னொரு பதில்:
420 பேஸை விட்டுவிடுங்கள். இந்த வேதிவினை டிஎன்ஏவைத் துண்டு துண்டாக உடைத்துவிடும். 300-க்குள் இருந்தால்தான் நம்பி வேலை செய்யலாம். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு மாற்றிய டிஎன்ஏ 1–2 மைக்ரோலிட்டர், 40 சுற்று, அனீலிங் (பிரைமர் ஒட்டும் வெப்பநிலை) 50 முதல் 60 டிகிரி வரை கிரேடியன்ட்.

ஜெல்லில் தெரியாதது இயல்புதான். இப்போது அது ஒற்றை இழை, சாயம் சரியாகப் பிடிக்காது. 2 சதவீத ஜெல்லில் ஓட்டி, சில நிமிடம் ஐஸில் குளிர வைத்துப் பாருங்கள், தேய்த்தது போல ஸ்மியர் தெரியும். ஒளி உறிஞ்சலை வைத்துச் செறிவை அளக்கும்போதும், கணக்கில் பெருக்கும் எண்ணாக இரட்டை இழைக்கான 50 வேண்டாம், ஆர்என்ஏவுக்கான 40-ஐப் போடுங்கள்.

கேட்டவர்:
பாலிமரேஸை மாற்றியும் சி மிச்சமிருந்தால்?

பதில்:
எப்படி மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். ஒரே பகுதியில் கொத்தாக நின்று, அக்கம்பக்கம் மாறியிருந்தால் அங்கே இழைகள் பிரியவில்லை என்று பொருள். ஒற்றை இழையில்தான் பைசல்ஃபைட் வேலை செய்யும். இழைகளைப் பிரிக்கும் சோடியம் ஹைட்ராக்சைடு பழையதா பாருங்கள், காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்து வீரியம் குறைந்துவிடும். டிஎன்ஏவில் புரதம் ஒட்டியிருந்தால் புரோட்டினேஸ் கே போட்டுத் திரும்பச் சுத்தம் செய்யுங்கள். குழாய் மூடியில் துளி ஒட்டியிருந்தால் அதிலுள்ள டிஎன்ஏ மாறாது, சூடேற்றுமுன் ஒரு சுற்று சுழற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
சாங்கர் பீக் உயரத்தை வைத்து மெத்திலேற்றச் சதவீதம் சொல்லலாமா?

பதில்:
தோராயமாகக்கூட அப்படியே எடுக்காதீர்கள். மெத்தில் இல்லாத இழையில் டி அதிகம், பிசிஆரில் அது முந்திக்கொள்வது வழக்கம். மெத்திலேற்றம் 0, 25, 50, 75, 100 சதவீதம் என்று தெரிந்த கலவைகளை அதே பிரைமரில் ஓட்டிக் கோடு வரைந்து, அதோடு ஒப்பிடுங்கள். கோடு வளைந்தால் அனீலிங் வெப்பநிலையை ஏற்றிப் பாருங்கள். பைரோசீக்வென்சிங் (ஒவ்வொரு இடத்திலும் சி, டி அளவைக் காட்டும் வரிசைப்படுத்தல்) செய்தாலும் இந்தக் கோடு தேவைதான், ஒருபக்கச் சாய்வு பிசிஆரிலேயே வந்துவிடுகிறது.