கணிதம் படித்தவர்கள் அரை மணி நேரம் தர முடியுமா?

வணக்கம் நண்பர்களே. பயன்பாட்டுக் கணித வேலைகளைப் பற்றிப் பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் தன்னார்வமாகப் பேசி வருகிறோம். "கணக்கு படித்தால் வாத்தியார் வேலைதானே?" என்பதுதான் எங்கும் முதல் கேள்வி. (வாத்தியார் வேலைக்கு என்ன குறைச்சல், அது வேறு கதை.)

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்திருக்கிறோம். இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் நான்கு எண்களை மறைத்துவிட்டு, நிரை, நிரல், மூலைவிட்டக் கூட்டுத்தொகைகளை மட்டும் கொடுப்போம். எண்களைக் கண்டுபிடித்ததும், சிடி ஸ்கேன் உடலுக்குள் பார்ப்பதும் இந்த வழியில்தான் என்போம். இதற்கான கணிதத்தை யோஹான் ராடான் என்ற கணிதவியலாளர் 1917இலேயே எழுதிவிட்டார். முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தது 1971இல்.

கல்லூரியில் இது போதவில்லை. "காலையில் ஆபீஸ் போனதும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஆள் வேண்டும். காப்பீட்டில் ஆக்சுவரி (இழப்பு அபாயத்தைக் கணக்கிடுபவர்), வானிலை முன்கணிப்பு, விமானப் பணியாளர் அட்டவணை, தொற்றுநோய்ப் பரவலைக் கணிக்கும் கணித மாதிரிகள், எதுவானாலும் சரி. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடமே ஆனவர்கள் என்றால் இன்னும் நல்லது. பெரிய பதவிக்காரர்கள் பேசினால் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வீடியோ அழைப்பில் அரை மணி நேரம் போதும். ஸ்லைடு வேண்டாம், நீங்கள் நிஜமாகவே மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு கணக்கோடு வாருங்கள். விருப்பம் இருந்தால் துறையையும் வசதியான கிழமையையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.