நாகையிலிருந்து கோடியக்கரைக்கு ஃபைபர் படகு: எத்தனை லிட்டர் எடுத்துப் போகலாம்?

அக்கரைப்பேட்டை தம்பி:
அண்ணன்மாருக்கு வணக்கம். மாமா கோடியக்கரையில் தங்கித் தொழில் பார்க்கிறார். கார்த்திகையில் அவருக்கு வலை கொண்டுபோய் இறக்கிவிட்டு மறுநாள் விடியலில் திரும்பலாம் என்று இருக்கிறேன். 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின், ஃபோர் ஸ்ட்ரோக், 24 லிட்டர் டேங்க். ஒரு வழிக்கு 30 கடல் மைல் பக்கம் வருகிறது. புரட்டாசியில் வேளாங்கண்ணிக்கு நேராகப் போய்த் திரும்பினேன், 11 மைலுக்கு 5 லிட்டர் ஆனது. அந்தக் கணக்கில் போக வர 27, 28 லிட்டர். கூட ஒரு 10 லிட்டர் கேன் போதுமா?

செருதூர் படகு:
போதாது தம்பி. நீ மைலுக்கு இத்தனை லிட்டர் என்று கணக்குப் போடுகிறாய், கடலில் மணிக்கு இத்தனை லிட்டர் என்றுதான் போட வேண்டும். உன் இன்ஜின் முக்கால் திராட்டிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை முக்கால்வாசி திருகி ஓட்டினால், மணிக்கு 3 லிட்டர் குடிக்கிறது என்று வை. கார்த்திகையில் வாடையும் முதுகில் தள்ளும், நீவாடும் (கடல் நீரோட்டம்) தெற்கே இழுக்கும், அதனால் போகும்போது நாலு மணி நேரத்தில், 12, 13 லிட்டரில் போய்ச் சேர்ந்துவிடுவாய், அதைப் பார்த்து மனசு தைரியமாகிவிடும். திரும்பும்போது அதே வாடை முகத்தில் அடிக்கும், எதிரலையில் படகு ஏறி ஏறி விழும், ஜிபிஎஸ்ஸில் பார்த்தால் வேகம் 4, 5 நாட்தான் (மணிக்கு அத்தனை கடல் மைல்) காட்டும். ஆறு ஏழு மணி நேரம், திராட்டிலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டும், 23, 24 லிட்டர் போய்விடும். ஆக 36. அதற்கு மேல் பாதி கையிருப்பு, 18 லிட்டர். நான் 54க்குக் குறைந்து கிளம்ப மாட்டேன். எடை என்று பார்த்தால் 40 கிலோதான், ஒரு ஆள் எடைகூட இல்லை. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே.

பட்டறைக்காரர்:
செருதூர் அண்ணன் கணக்கு சரி. நான் கேனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்ரோல் இருந்தும் நடுக்கடலில் நின்ற படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். டேங்க் மூடியில் காற்று விடும் திருகு இருக்கும். அதைத் திறக்காமல் ஓட்டினால் உள்ளே காற்று போகாது, கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இருமி நின்றுவிடும், ஆட்கள் கார்புரேட்டரைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள். அடுத்தது தண்ணீர். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். பழைய பெட்ரோலைக் கேனில் வைத்திருந்து கொண்டுபோகாதே. தண்ணீரைப் பிரித்தெடுக்கும் பிரிப்பான் ஃபில்டர் ஒன்று மாட்டு, ஒரு ஃபில்டர் கூட எடுத்துக்கொள்.

கேனைப் படகுக்குள் வைத்து நிரப்பக் கூடாது, தரையில் இறக்கி வைத்து நிரப்ப வேண்டும். வெயிலில் பெட்ரோல் விரியும், அதனால் கழுத்துவரை ஊற்றாதே. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு பீடி நெருப்பு போதும். (டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கேனிலேயே லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்து, கலந்தது என்று எழுதியும் வையுங்கள். எங்கள் சித்தப்பா இருட்டில் வெறும் பெட்ரோலை ஊற்றி பிஸ்டனைப் பிடிக்க வைத்தார்.)

அக்கரைப்பேட்டை தம்பி:
நன்றி அண்ணே. கூட வருபவன் கேன்களை இன்ஜின் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறான், ஊற்றச் சுலபம் என்று. சரியா?

பட்டறைக்காரர்:
வேண்டாம். பின்பக்கம் கனத்தால் எதிரலையில் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், பெட்ரோலும் கூடச் செலவாகும். நடுவில், நிழலில், இரண்டு பக்கமும் கட்டி வை. ஆடும் படகில் புனல் வைத்து ஊற்றுவதையே தவிர்க்கலாம்: இன்னொரு 24 லிட்டர் டேங்க் இரவல் வாங்கு, முதல் டேங்க் தீர்ந்ததும் டியூபை மட்டும் மாற்றி மாட்டி, கை பம்பை இறுகும்வரை அமுக்கினால் போதும். மிச்சத்துக்குத்தான் கேன்.

செருதூர் படகு:
இன்னொன்று. திரும்பும்போது நிரம்பிய டேங்கை மாட்டிக் கிளம்பு, வழியில் புஷ்பவனத்துக்கு நேரே வந்ததும் அதைப் பார். அந்த டேங்க் அங்கேயே பாதிக்குக் கீழே போயிருந்தால் நீ நினைத்ததைவிட அதிகம் குடிக்கிறது, வேகத்தைக் குறைத்துக் கரையை ஒட்டி வா, வெள்ளப்பள்ளத்தில் ஒதுங்கு. கிளம்புகிற நேரத்தையும் சேர வேண்டிய நேரத்தையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வா, கடலோரக் காவல்படை எண் 1554ஐயும் அதிலேயே எழுது.

அக்கரைப்பேட்டை தம்பி:
சரி அண்ணே. பக்கத்து வீட்டில் டேங்க் கேட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாடைக்கு எதிரே ஒரு மணி நேரம் ஓட்டி அளந்துவிட்டு எத்தனை லிட்டர் என்று இங்கே எழுதுகிறேன்.